காரில் பெட்ரோல் வாடையா? எங்கே, எப்போது என்று கேளுங்கள்!

"கார் என்றால் பெட்ரோல் வாடை அடிக்கத்தானே செய்யும்!"

வாசக அன்பர்களே, ஏறக்குறைய ஏழு மாதங்கள் இப்படித்தான் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்துகிறவன் சொல்லக்கூடிய பேச்சா இது? இல்லைதான். ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். துரை, பெரிய கிராணியார், மருந்து வீட்டு ஐயா, அவ்வளவுதான். இன்று பால் மரம் வெட்டுகிறவர் வீட்டிலும், செம்பனைக் குலை ஏற்றுகிறவர் வீட்டிலும் மூன்றாம் கை, நான்காம் கை மாறி வந்த கார் ஒன்று நிற்கிறது. நல்லதுதான். பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக லாரிக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. ஆனால் பழைய காரோடு பழைய ரப்பரும் சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என்னுடைய கார் இருபது வயதைத் தாண்டியது. பட்டணத்தை ஒட்டிய தாமானில் எங்கள் வீடு, பள்ளியோ தோட்டத்துக்குள். என் மகளோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மூவரும் தினமும் என் காரிலேயே பள்ளிக்கு வருவார்கள். அவர்களில் ஒரு பையனுக்குப் பாதி வழியிலேயே தலைவலி வந்துவிடும். சில நாள் வாந்தியும் எடுப்பான். "காடி ஏறினாலே இவனுக்கு ஆகாது சார்" என்று அவன் தாயார் அசாம்பாய் டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினார். நானும் வாங்கி டாஷ்போர்டில் வைத்துக்கொண்டேன். வாடை எனக்கும் தெரியும். முன் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவேன். ஐந்து நிமிடத்தில் வாடை போய்விடும்.

உண்மையில் வாடை போகவில்லை. என் மூக்குக்குத்தான் பழகிப்போயிருந்தது. ஒரே வாடையைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதை மூளைக்குச் சொல்வதை நிறுத்திவிடுகிறது. ரப்பர்த் தொழிற்சாலை வாசலில் குடியிருப்பவருக்கு அதன் நாற்றம் தெரிவதில்லை, உறவு பார்க்க வருகிறவர்தான் மூக்கைப் பொத்துவார் அல்லவா? அதே கதைதான்.

எனக்கு அந்த உறவு என் மாமியார். ஒரு வாரம் தங்கிப் போக வந்தவரைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வந்தேன். பின் இருக்கையில் உட்கார்ந்தவர் சிறிது நேரத்தில், "மாப்பிள்ளை, பின்னால உட்கார முடியல. எண்ணெய் வாடை நெஞ்சை அடைக்குது" என்றார். "பழைய காடி அத்தை, அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்லிவிட்டு, வழியில் டாங்கி நிறையப் பெட்ரோலும் ஊற்றிக்கொண்டு வீடு வந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் வழக்கம்போல விளக்கேற்றி வாசற்படியில் வைத்தார் அத்தை. காரோ கூரைக்குக் கீழே, விளக்குக்கு மூன்று அடி தூரத்தில் நின்றது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த என் முகத்தில் குப்பென்று அடித்தது பெட்ரோல் வாடை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே குனிந்து விளக்கை வாயால் ஊதி அணைத்துவிட்டேன். "வெள்ளிக்கிழமை விளக்கை ஊதி அணைக்கலாமா மாப்பிள்ளை?" என்று அத்தை கண் கலங்கினார். அந்த வாரம் முழுவதும் அவருக்கு மனக்குறைதான். நானோ அன்றிரவு தூங்கவில்லை. விளக்கை நினைத்து அல்ல.

ஏன் என்று சொல்கிறேன். பெட்ரோல் தானே எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. மண்ணெண்ணெய் நம் ஊர் வெப்பத்தில் எளிதில் ஆவி கிளப்பாது. திரியோ சூடோ வேண்டும். பெட்ரோல் அப்படியல்ல. பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவுக்கு அதன் ஆவி எழும்பும் என்றால், நம் ஊர் மதிய வெயிலில் கேட்கவா வேண்டும்? அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே பறந்து போகாது. தண்ணீரைப் போலத் தரையில் வழிந்து, பள்ளத்திலும் கால்வாயிலும் படிக்கு அடியிலும் போய்த் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். வாசற்படி விளக்கு, கொசுவத்தியைப் பற்றவைக்கும் தீக்குச்சி, திண்ணையில் உட்கார்ந்து புகைக்கும் மாமா என்று நம் வீட்டில் நெருப்பெல்லாம் தரைக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது.

நெருப்பு வராவிட்டாலும் வாடையைச் சும்மா விட முடியாது. பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. நான் முன் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுகமாக ஓட்ட, பின்னால் நான்கு பிள்ளைகள் அதை முகர்ந்துகொண்டு வந்தார்கள்.

இந்த ஆவியை அடக்கி வைக்கக் காரில் ஓர் ஏற்பாடு உண்டு. அதன் கதை சுவையானது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கண் எரியும் புகைமூட்டம் ஏன் வருகிறது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். அதற்கு விடை கண்டவர் ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு நாட்டில் பிறந்த வேதியியலார். அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர்! கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் ஆவியும் புகையும் வெயிலில் சேர்ந்துதான் அந்த மூட்டம் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். பிறகு கலிபோர்னியா மாநிலத்தில் 1970 மாடல் கார்களிலும், அமெரிக்கா முழுவதும் 1971 மாடல்களிலும் பெட்ரோல் ஆவியை வெளியே விடக்கூடாது என்ற சட்டம் வந்தது.

அதற்குக் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? கரிதான்! சிரட்டைக் கரி போட்டுத் துணி தேய்த்த பெட்டி நினைவிருக்கிறதா? கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. தனி முறையில் பக்குவப்படுத்திய கரி ஒரு கிராமை எடுத்து, அதன் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் 1000 சதுர மீட்டர் பரப்பு வரும். எங்கள் பள்ளித் திடலில் நல்ல பங்கு அது. அத்தகைய கரி நிரப்பிய கறுப்பு டப்பா ஒன்று உங்கள் காரிலும் இருக்கும். டாங்கியில் எழும் ஆவி குழாய் வழியே போய் இந்தக் கரியில் ஒட்டிக்கொள்கிறது. இயந்திரம் ஓடிச் சூடானதும் சிறிய மின்வால்வு ஒன்று திறக்க, இயந்திரம் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடுகிறது. டாங்கி, மூடி, குழாய்கள், கரி டப்பா, வால்வு எல்லாம் சேர்ந்து ஒரே அடைப்பு. இதில் எங்கே ஊசிமுனை அளவு இடைவெளி விழுந்தாலும் ஆவி வெளியே வரும்.

அமெரிக்காவுக்கென்று செய்யப்படும் கார்களில் அந்த ஓட்டையைக் காரின் கணினியே சோதித்து, முன் பலகையில் மஞ்சள் விளக்கைக் காட்டும். 1996-இலிருந்து 1 மில்லிமீட்டர் ஓட்டையையும், 2000 மாடல்களிலிருந்து படிப்படியாக அரை மில்லிமீட்டர் ஓட்டையையும் அது கண்டுபிடித்தாக வேண்டும். நம் பக்கத்துப் பழைய கார்கள் பலவற்றில் இந்தச் சோதனை கிடையாது. ஆகவே "விளக்கு எரியவில்லையே, அப்புறம் என்ன?" என்று இருந்துவிடாதீர்கள். என் காரிலும் எரியவில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கசிவது ஆவியா, பெட்ரோலேயா? இரவில் காருக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். ஈரமோ வட்டக் கறையோ இருந்தால் அது ஆவி விவகாரம் அல்ல. காரை ஓட்டவே வேண்டாம்; இயந்திரத்தை முடுக்கவும் வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். முன் மூடிக்குள் பெட்ரோல் வாடை பலமாக அடித்தாலும் அதே விதிதான். அங்கே சூடும் மின்பொறியும் பக்கத்திலேயே இருக்கின்றன.

என் அட்டை காய்ந்தே இருந்தது. சரி, ஆவிதான் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நான் செய்த மடத்தனத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பெட்ரோல் மூடிதான் காரணம் என்று யாரோ சொல்ல, 35 வெள்ளிக்குப் புது மூடி வாங்கிப் போட்டேன். மூடியின் ரப்பர் வளையம் வெடித்தோ தட்டையாகியோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான். மூடியைத் திருகும்போது 'கிளிக்' என்று கேட்கும்வரை திருக வேண்டியதும் அவசியம். ஆனால் என் பழைய மூடி நன்றாகத்தான் இருந்தது. காசு போனது, வாடை போகவில்லை. அடுத்து அந்த மின்வால்வைச் சந்தேகித்துக் கழற்றினேன். மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். சுத்தமான ரப்பர்க் குழாய் செருகி ஊதினால் காற்று போகக்கூடாது. (ஊதுங்கள், உறிஞ்சாதீர்கள்!) போகவில்லை. அந்த வால்வு திறந்தே சிக்கிக்கொண்டால் பெட்ரோல் ஊற்றியவுடன் கார் எடுக்கத் தகராறு பண்ணும். என் காரில் அதுவும் இல்லை.

அப்புறம்தான் ஆசிரியர் புத்தி வேலை செய்தது. பள்ளி நோட்டுப்புத்தகம் ஒன்றை எடுத்து நாலு கோடு போட்டேன். தேதி, டாங்கியில் எவ்வளவு, வெயிலா மழையா, வாடை எங்கே. வாடையை முகர்வது நானல்ல. காலையில் கார்க் கதவைத் திறந்ததும் முதலில் தலையை உள்ளே விடுவது என் மகளின் வேலை. மூக்கு பழகுவதற்குள் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. பென்சீனைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு மகளின் மூக்கை நீட்ட வைத்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மூச்சுதான் என்றாலும், இப்போது செய்தால் மனைவியையும் அல்ல, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டிருப்பேன்.

மூன்று வாரத்தில் நோட்டுப்புத்தகம் பேசிவிட்டது. டாங்கி நிறைந்திருந்த நாள்களில் வாடை. பாதிக்குக் கீழே இறங்கிய நாள்களில் வாடையே இல்லை. வெயிலில் நின்றால் அதிகம், மழை நாளில் குறைவு. எப்போதும் பின் இருக்கைப் பக்கம். முன்னால் ஒரு நாள்கூட இல்லை. இதற்கு என்ன பொருள்? டாங்கியின் மேல்பகுதியில்தான் ஓட்டை. நிறைந்த டாங்கியில் பெட்ரோல் அந்த இடத்துக்கு அருகே வந்து தளும்புகிறது. குறைந்தால் விலகிவிடுகிறது. என்னுடையதைப் போன்ற பல கார்களில் டாங்கியின் தலைப்பகுதி பின் இருக்கைக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கேதான் பெட்ரோல் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பம்பை ஏழு மாதத்துக்கு முன் ஒரு பட்டறையில் மாற்றியிருந்தேன். வாடை தொடங்கியதும் அப்போதுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நோட்டுப்புத்தகம் தேவைப்பட்டது!

அந்தப் பட்டறைக்குத் திரும்பிப் போக மனமில்லை. என்னிடம் படித்த பையன் ஒருவன் பட்டணத்தில் தொழில் செய்கிறான். அவனிடம் நோட்டுப்புத்தகத்தைக் காட்டினேன். "இதைப் பார்த்தாலே போதும் சார். ஆனா நிச்சயம் பண்ணிட்டுத் தொடுவோம்" என்று புகை இயந்திரத்தைக் கொண்டுவந்தான். எண்ணெயைச் சூடாக்கி வெண்புகையாக்கி, மிக மிக மெல்லிய அழுத்தத்தில் ஆவிக்குழாய்க்குள் செலுத்துகிற கருவி அது. கார் டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம் என்றால், இதில் ஒரு பவுண்டுகூடக் கிடையாது. பின் இருக்கையைத் தூக்கி, தகட்டு மூடியையும் கழற்றி வைத்து, டார்ச் விளக்கடித்துப் பார்த்தோம். மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு பம்ப் மூடியின் ஓர் ஓரத்தில், பூசை அறைக் கதவிடுக்கில் சாம்பிராணிப் புகை கசிவதைப்போல, ஒரு நூல் புகை எழுந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி பார்க்கலாமே என்று கேட்டேன். கேஸ் தோம்புக்கு அது சரி, இங்கே அழுத்தம் போதாது என்றான். வீட்டில் காற்றடிக்கும் பம்பை வைத்து இந்தச் சோதனையைச் செய்து பார்க்க யாரும் முனைய வேண்டாம். பெட்ரோல் ஆவியோடு காற்றைக் கலப்பது வெடிமருந்து அரைப்பதற்குச் சமம்.

பழுது பார்ப்பதும் நீங்கள் செய்யக்கூடிய வேலை அல்ல. ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். டாங்கியைக் கால் பங்குக்குக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னான். திறந்த வெளியில் காரை நிறுத்தி, பம்பின் ஃபியூசைப் பிடுங்கிவிட்டு, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிட்டான். குழாயில் இருந்த அழுத்தம் அதோடு இறங்கிவிட்டது. இயந்திரம் ஆறும்வரை காத்திருந்து பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றினான். உலர் தூள் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில். கைபேசிகள் எல்லாம் கடைக்குள். மூடியைச் சுற்றிக் கிடந்த மண்ணைத் துடைத்தெடுத்த பிறகே அதைத் திறந்தான். இல்லாவிட்டால் மண் டாங்கிக்குள் விழும். இறுக்கு வளையத்தைத் திருப்ப அவன் எடுத்தது இரும்பு ஸ்குரூடிரைவர் அல்ல, பித்தளைக் கோல். பித்தளை தட்டினால் பொறி பறக்காது. இந்த ஒன்றைப் பார்த்ததும் எனக்கு அவன்மேல் நம்பிக்கை வந்தது.

உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை எடுத்து என் கையில் கொடுத்தான். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உப்பல், ஓரிடத்தில் மடிந்து நசுங்கியிருந்தது. பெட்ரோலில் ஊறிய ரப்பர் உப்பிப் பெரிதாகிவிடும். ஒருமுறை கழற்றினால் பழைய பள்ளத்தில் அது திரும்பப் பொருந்தாது. முன்பு பம்ப் மாற்றியவர் புதுப் பம்ப் போட்டுவிட்டு இந்தப் பழைய வளையத்தையே அழுத்தித் திணித்திருக்கிறார். புது வளையம் என்ன விலை தெரியுமா? 18 வெள்ளி!

"சிலிக்கான் பசை தடவி அடைத்துவிடலாமே" என்று சிலர் சொல்வார்கள். சாதாரணச் சிலிக்கான் பெட்ரோல் பட்டால் ஊறிப் பிய்ந்து போகும். லாரிக்காரர்கள் டாங்கி ஓட்டையில் சலவைச் சோப்பைத் தேய்த்து அடைப்பது உண்டு. சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் பட்டறை வரை போய்ச்சேர அது உதவும். பிள்ளைகள் உட்காரும் இருக்கைக்குக் கீழே அதெல்லாம் வேண்டாம். குழாய் மாற்ற நேர்ந்தாலும் பெட்ரோலுக்கென்றே செய்த குழாய்தான் வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை வெட்டிப் போட்ட காரையும் நான் பார்த்திருக்கிறேன்.

புது வளையம் உட்கார்ந்தது. மறுபடி புகை விட்டுப் பார்த்தோம். பத்து நிமிடம் நின்றும் ஒரு நூல்கூட எழவில்லை. அதோடு நான் நம்பவில்லை. அன்றே டாங்கி நிரப்பி, மறுநாள் மதியம் வரை வெயிலில் நிறுத்தி, பக்கத்து வீட்டு அண்ணனை அழைத்துப் பின் கதவைத் திறக்கச் சொன்னேன். "என்ன வாடை? பிஸ்கட் வாடைதான் வருது வாத்தியாரே" என்றார்.

பெட்ரோல் ஊற்றும்போது ஒன்று கவனியுங்கள். துப்பாக்கி 'டக்' என்று தானாக நின்றபிறகு, ஐம்பது வெள்ளியைச் சரிக்கட்டவோ கழுத்து வரை நிரப்பவோ மேலும் அழுத்துகிற வழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அந்த மிச்சப் பெட்ரோல் ஆவிக்குழாய் வழியே கரி டப்பாவுக்குள் போனால் கரி நனைந்து வீணாகிவிடும். வளையத்துக்கு 18 வெள்ளி ஆனது. கரி டப்பாவுக்கு அப்படி ஆகாது. பட்டறையில் விலை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன். புல் வெட்டும் மெஷினுக்கு வாங்கிய பெட்ரோலைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்திருப்பவர்கள், வாடைக்குக் கார் மேல் பழி போடுவதற்கு முன் அந்தப் போத்தலை எடுத்து வெளியே வையுங்கள்.

அத்தை தீபாவளிக்கு மறுபடி வந்தார். பின் இருக்கையில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் வந்தார். மாலையில் விளக்கேற்றியதும் என்னைப் பார்த்து, "வைக்கலாமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். காரைத் தெருவோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வைக்கச் சொன்னேன்.

அந்தப் பையன் இன்னமும் வளைவு அதிகமுள்ள பாதையில் சில நாள் வாந்தி எடுக்கிறான். தலைவலி என்று மட்டும் சொல்வதில்லை. அசாம்பாய் டப்பா டாஷ்போர்டிலேயே இருக்கிறது. இப்போது நால்வரும் சேர்ந்து அதைக் காலி செய்கிறார்கள்.